எச்91.3 எப்போது பொருந்தும்? காது கேளாத, பேசாத நோயாளியின் மருத்துவப் பதிவும் நோய்க்குறியீடும்

சென்னை, கோவை, திருச்சி, சேலம் எனப் பல ஊர்களில் மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவைப் படித்து நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் போடுவது) வேலை பார்ப்பவர்கள் அன்றாடம் படிப்பது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகள், அதாவது நோயாளிப் பதிவுகள். அவற்றில் எப்போதாவது இப்படி ஒரு வரி வந்து நிற்கும்: "நோயாளிக்குக் காது கேளாது, பேசமாட்டார்." மருத்துவர் அதற்கு மேல் ஒரு சொல்கூட எழுதியிருக்க மாட்டார். இதற்கு எந்தக் குறியீடு என்று கேட்டால் ஒரே குழுவிலேயே மூன்று விடை வரும். எச்91.3 (காது கேளாத, பேசாத நிலை) என்பார் ஒருவர். எச்90.3 (உள்காது அல்லது செவி நரம்புப் பழுதால் இரு காதிலும் கேட்டல் இழப்பு) என்பார் இன்னொருவர். பேச்சு வராததற்குத் தனியாக ஆர்47.01-ஐயும் (அஃபேசியா, அதாவது மூளைப் பாதிப்பால் மொழி குலைவது) சேர்க்க வேண்டும் என்பார் மூன்றாமவர்.

மூன்றாவது விடை பெரும்பாலும் தவறு. சில சமயம் வம்பில் மாட்டிவிடும் தவறு. முதல் இரண்டில் எது என்பதைச் சார்ட்டில் வேறு என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். அதற்கு முன், அந்த நோயாளி ஏன் பேசுவதில்லை என்று தெரிய வேண்டும்.

பேசாததற்குக் காரணம் ஒன்றல்ல

சார்ட்டைப் படிக்கும்போது குறைந்தது நான்கு நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. பிறவியிலேயோ, பேச்சு வருவதற்கு முன்போ கேட்கும் திறனை இழந்தவர். இவருடைய குரல்வளை, நாக்கு, மூளையின் மொழிப் பகுதி எதிலும் குறை இல்லை. குழந்தை கேட்டுக் கேட்டுத்தான் பேசப் பழகும். இவருக்குக் கேட்கவில்லை, அதனால் பேச்சு வரவில்லை. சைகை மொழி தெரிந்தவர் என்றால் இவருக்கு மொழி முழுசாகவே இருக்கிறது, வாய்ப்பேச்சு மட்டும் இல்லை.

2. காது கேளாது, பேசப் பயிற்சி பெற்றிருக்கிறார், ஆனால் வெளியாட்களிடம் குரலைப் பயன்படுத்துவதில்லை. தன் உச்சரிப்பு பிறருக்குப் புரிவதில்லை என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இப்படி இருப்பது சாதாரணம்.

3. காது நன்றாகக் கேட்கும், பேச்சு இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அஃபேசியா வந்தவர், புற்றுநோய்க்காகக் குரல்வளை அகற்றப்பட்டவர், வீட்டில் பேசிவிட்டுப் பள்ளியில் வாயே திறக்காத குழந்தை எல்லாம் இந்த வகை.

4. காலமெல்லாம் சைகை மொழியில் பேசி வந்தவருக்குப் பக்கவாதம் வந்து, அந்தச் சைகையே குலைந்துபோவது.

நான்காவது பலருக்குத் தெரியாத விஷயம். கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெலூஜியும் உடன் ஆய்வாளர்களும் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். மூளையின் இடது பாதி பாதிக்கப்பட்டால், கேட்பவர்களுக்குப் பேச்சு குலைவது போலவே, சைகை மொழி பேசுவோருக்குச் சைகை மொழி குலைகிறது. கை வழக்கம்போல் அசையும், வாக்கியம்தான் அமையாது. ஆகவே காது கேளாதவருக்கும் அஃபேசியா வரலாம். ஆனால் அதற்குச் சான்று அவர் குரலில் இல்லை, கைகளில் இருக்கிறது. சைகை மொழி தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் அதைக் கண்டறிய வழியே இல்லை.

குறியீட்டு நூல் எப்படிப் பிரிக்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டை 1990-ல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. அமெரிக்கா அதைத் தன் தேவைக்கு விரித்து ஐசிடி-10-சிஎம் என்ற பெயரில் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. கோடர்கள் கையில் இருப்பது இந்த இரண்டாவது நூல். காது நோய்களுக்கு இதில் எச்60 முதல் எச்95 வரை இடம். நமக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள்தான்.

எச்90 பிரிவு, பழுது எந்த இடத்தில் என்று சொல்கிறது. புறக்காது, நடுக்காது வழியே ஒலி போகாவிட்டால் அது கண்டக்டிவ். உள்காதோ செவி நரம்போ கெட்டிருந்தால் சென்சரிநியூரல். இரண்டும் சேர்ந்தால் மிக்ஸ்டு. அப்புறம் ஒரு காதா, இரண்டு காதுமா என்ற கேள்வி. எச்90.3 என்றால் இரு காதிலும் சென்சரிநியூரல் கேட்டல் இழப்பு. பிறவியிலேயே கேளாதவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் இதுதான்.

எச்91 மற்றவற்றுக்கானது. மருந்தால் வந்தது எச்91.0, முதுமையால் வந்தது எச்91.1, காரணம் தெரியாமல் திடீரென வந்தது எச்91.2, எந்த விவரமும் இல்லாத கேளாமை எச்91.9. இவற்றுக்கு நடுவில் எச்91.3: காது கேளாத, பேசாத நிலை, வேறெங்கும் வகைப்படுத்தப்படாதது. பழைய ஐசிடி-9-லும் இதற்கு 389.7 என்று ஓர் எண் இருந்தது.

எச்91.3 வலது, இடது பிரிவு இல்லாத குறியீடு. காரணத்தையோ, பழுது எங்கே என்பதையோ, கேட்டல் இழப்பு எவ்வளவு என்பதையோ அது சொல்லாது. என் கணிப்பில், கேட்டல் பரிசோதனை எட்டாத காலத்தில் மருத்துவர் வெளியிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதிவைத்ததன் மிச்சம் இந்தக் குறியீடு. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 வேறு அடிப்படையில் பிரிக்கிறது: பிறவிக் கேட்டல் குறைபாடு ஏபி50, பின்னாளில் வந்தது ஏபி51. அமெரிக்கக் கோடிங் இன்னும் அங்கே போகவில்லை.

மூன்று விதிகள், ஒரு பொறி

முதல் விதி, "வேறெங்கும் வகைப்படுத்தப்படாதது" என்பதன் பொருள். கோடிங் பேச்சில் இது என்இசி. மருத்துவர் விவரம் தந்திருக்கிறார், ஆனால் அந்த விவரத்துக்கு நூலில் தனி இடம் இல்லை என்றால் மட்டும் என்இசி. மருத்துவர் விவரமே தராவிட்டால் அது என்ஓஎஸ். எனவே மருத்துவர் "இரு காதிலும் சென்சரிநியூரல்" என்று எழுதிவிட்ட பிறகு எச்91.3-க்கு வேலை இல்லை, அதற்குத்தான் எச்90.3 என்ற தனி இடம் இருக்கிறதே.

இரண்டாவது, எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு. இது போட்டிருக்கும் இரண்டு குறியீடுகளை ஒரே நிலைக்கு ஒருசேர எழுதக் கூடாது. எச்90 பிரிவின் தலைப்பிலேயே எச்91.3 எக்ஸ்க்ளூட்ஸ்1 பட்டியலில் இருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும், இரண்டையும் போட்டுவிடலாம்" என்ற யோசனை அங்கேயே அடிபட்டுவிடுகிறது.

மூன்றாவது, கோடர் தானாக நோயறிய முடியாது. சார்ட்டில் ஆடியோகிராம் (கேட்டல் பரிசோதனையின் வரைபடம்) இணைத்திருக்கலாம். அதன் வளைவைப் பார்த்தாலே சென்சரிநியூரல் என்று அனுபவசாலிக்குத் தெரியலாம். இருந்தாலும் மருத்துவர் எழுத்தில் சொல்லாதவரை அது குறியீடு ஆகாது. சந்தேகம் இருந்தால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். கோடர்கள் "க்வெரி போடுவது" என்பது இதைத்தான்.

இனிப் பொறி. நூலின் அகரவரிசைப் பட்டியலில் "மியூட்டிசம்" என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அஃபேசியாவுக்கான ஆர்47.01. காது கேளாமையோடு சேர்ந்தது என்றால் எச்91.3 என்பது அதற்குக் கீழே உள்வரியாகத்தான் இருக்கிறது. அவசரத்தில் தேடுபவர் மேல் வரியோடு நின்றுவிடுகிறார். மூன்றாவது விடை பிறப்பது இப்படித்தான். உள்நோயாளி பில்லிங்கில் அஃபேசியா, சிகிச்சையைச் சிக்கலாக்கும் உடன்நோய்களின் பட்டியலில் இருப்பதால் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகையையே கூட்டக்கூடும். மூளையில் எந்தப் பாதிப்பும் இல்லாத, பிறவியிலேயே கேளாத ஒருவருக்கு அதைப் போட்டால் தணிக்கையில் பொய்க் கணக்காகவே தெரியும்.

சார்ட்டில் உள்ள வாசகத்தைப் பொறுத்து முடிவு இப்படி அமையும்:

1. "இரு காதிலும் சென்சரிநியூரல் கேட்டல் இழப்பு, பேசுவதில்லை, சைகை மொழி" என்றிருந்தால் எச்90.3 மட்டும்.

2. "பிறவிக் கேளாமை" என்று மட்டும் இருந்தால் எச்90.5. வகை குறிப்பிடாத பிறவிக் கேளாமை அந்தக் குறியீட்டின் கீழ்தான் இருக்கிறது.

3. "காது கேளாது, பேசமாட்டார்" என்பதோடு நின்றுவிட்டால் முதலில் க்வெரி. பதில் வராவிட்டாலோ, மருத்துவருக்கே மேல் விவரம் தெரியாவிட்டாலோ எச்91.3.

4. "காது கேளாது" என்று மட்டும் இருந்தால் எச்91.9 பிரிவு. பேசுவதில்லை என்று நாமாக ஊகிக்கக் கூடாது.

5. நான்கு வயதுக் குழந்தைக்குக் கேட்டல் இழப்பால் பேச்சும் மொழியும் தாமதம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் எஃப்80.4, கூடவே கேட்டல் இழப்பின் வகைக்கான குறியீடு. நாற்பது வயதில் சைகை மொழியில் சரளமாக உரையாடுபவருக்கு இதைப் போடுவது அபத்தம். அவருக்கு மொழித் தாமதம் எதுவும் இல்லை.

6. காக்ளியர் இம்பிளான்ட் (உள்காதில் அறுவை செய்து பொருத்தும் கருவி) இருந்தால் இசட்96.21, வெளியே மாட்டும் கேட்புக் கருவி என்றால் இசட்97.4, கூடுதலாக.

கால் முறிந்து வந்தவருக்குக் காதைப் பற்றிய குறியீடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. உடன் இருக்கும் நிலை அந்த வருகையின் கவனிப்பைப் பாதித்தால் அதையும் எழுத வேண்டும் என்பது கோடிங் வழிகாட்டுதல். மொழிபெயர்ப்பாளர் வரவழைக்கப்பட்டார் என்றாலே கவனிப்பு பாதிக்கப்பட்டதற்கு அது சான்று.

விழித்திருப்பவருக்கு 11 மதிப்பெண்

பதிவில் நடக்கும் பிழை எப்படிக் குறியீடாக மாறி, உண்மை போலவே உலாவுகிறது என்பதற்கு, சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவுகோலைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற மருத்துவர்கள் உருவாக்கியது இது. கண் திறத்தலுக்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, உடல் அசைவுக்கு 6 வரை, மொத்தம் 15. முழுச் சுயநினைவில் இருப்பவர் 15 வாங்க வேண்டும்.

சாலை விபத்தில் தலையில் அடிபட்ட, காது கேளாத, பேசாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். நினைவு தெளிவாக இருக்கிறது, கண் திறந்திருக்கிறது: 4. ஆம்புலன்ஸ் ஊழியர் கேள்வி கேட்கிறார், பதில் இல்லை: 1. கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். ஊழியரின் சைகையைப் பார்த்து இவர் தூக்கிவிட்டால் 6. கூட்டினால் 11. முகக்கவசம் போட்ட ஊழியர் வாயால் மட்டும் சொல்லி, இவர் ஒன்றும் செய்யாமல், கிள்ளிய இடத்தைத் தட்டிவிட்டால் 5, மொத்தம் 10.

ஐசிடி-10-சிஎம்மில் 13 முதல் 15 வரை ஆர்40.241, 9 முதல் 12 வரை ஆர்40.242, 3 முதல் 8 வரை ஆர்40.243. ஆக, நன்றாக விழித்திருக்கும் மனிதர் நடுத்தர மூளைக்காயத்துக்கான வரிசைக்குப் போய்விட்டார். இந்த மதிப்பெண்ணை ஆம்புலன்ஸ் ஊழியரோ செவிலியரோ எழுதியிருந்தாலும் கோடர் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. கோடர் செய்ததில் பிழையில்லை, எண்தான் பொய்.

அளவுகோலை உருவாக்கியவர்களே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். 2014-ல் வந்த திருத்தப்பட்ட முறையில், வேறு காரணத்தால் ஒரு பகுதியைச் சோதிக்க முடியாவிட்டால் 1 போடாமல் என்டி, அதாவது "சோதிக்க இயலவில்லை" என்று எழுத வேண்டும். மொத்தக் கூட்டலும் தரக் கூடாது. காது கேளாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வந்து சைகையில் கேட்டுப் பதில் வாங்கும்வரை என்டி என்பதுதான் நேர்மையான பதிவு. மயக்க மருந்து கொடுத்து வைத்திருப்பவருக்கு இந்த மதிப்பெண் குறியீடுகளைப் போடாதீர்கள் என்று அமெரிக்க வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. கேளாதவர்களுக்கும் அதே தர்க்கம் பொருந்தும் என்பது என் கருத்து. வழிகாட்டுதல் அப்படி மாறும்வரை, காதுக் குறியீடும் பேச்சுக்கு 1 என்ற மதிப்பெண்ணும் ஒரே சார்ட்டில் தென்பட்டால் கோடர் ஒரு க்வெரி போடுவதில் தவறே இல்லை.

ஒரு வரி ஒரு மனிதரை எங்கே கொண்டுபோகும்

1968-ல் இந்தியானா மாநிலத்தில் தியான் ஜாக்சன் என்ற 27 வயதுக்காரர் மீது இரண்டு கொள்ளை வழக்குகள். இரண்டிலும் சேர்த்துப் பறிபோனது ஒன்பது டாலர். அவருக்குக் காது கேளாது, பேச்சு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது, சைகையும் கொஞ்சம்தான் தெரியும். இரண்டு மருத்துவர்கள் பார்த்துவிட்டு, அறிவுக் குறையும் கேளாமையும் பேசாமையும் சேர்ந்து வழக்கைப் புரிந்துகொள்ள முடியாத நிலை என்று அறிக்கை தந்தார்கள். புத்தி தெளியும்வரை மாநில மனநலத் துறையின் காவலில் வையுங்கள் என்றது நீதிமன்றம். கேளாமை "தெளியக்கூடிய" ஒன்றில்லையே! அப்படியானால் தண்டனையே இல்லாமல் ஆயுள் முழுக்க அடைப்பு. 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விசாரணைக்குத் தகுதியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அந்த அறிக்கையில் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருந்தன: காது கேளாதது, மொழி கற்பிக்கப்படாதது, அறிவுத்திறன். முதலாவது உடல் நிலை. இரண்டாவது யாரும் சொல்லித்தராததன் விளைவு. மூன்றாவதை அளக்க, அவருக்குப் புரியும் வழியில் சோதித்திருக்க வேண்டும். வாய்மொழிக் கேள்விகளால் ஆன அறிவுச் சோதனையைக் கேளாதவருக்கு வைத்து எஃப்70 வரிசையில் (அறிவுத்திறன் குறைபாடு) குறியீடு போட்டால் இன்றைக்கும் நடப்பது அதே கலப்புதான். எந்த மொழியில், யார் உதவியோடு சோதித்தார்கள் என்று எழுதப்படாத மனநல மதிப்பீட்டை நான் நம்பத் தயாராக இல்லை.

குறியீட்டுக்குள் அடங்காத தகவல்

எச்90.3 என்று சரியாகவே போட்டாயிற்று. சரி, அடுத்த முறை அந்த நோயாளி வரும்போது வரவேற்பில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? குறியீட்டில் அதற்குப் பதில் இல்லை. எச்90.3 உள்ள ஒருவர் கேட்புக் கருவியோடு போனில் பேசுபவராக இருக்கலாம். இன்னொருவர் அமெரிக்கச் சைகை மொழி மட்டுமே அறிந்தவராக இருக்கலாம். நோய்க்குறியீடு காதைப் பற்றியது. எந்த வழியில் பேசுவது என்பதற்கு வேறு கட்டம் வேண்டும்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை இதற்கென்றே 2016-ல் ஒரு தரநிலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நோயாளியின் தகவல்தொடர்புத் தேவையைக் கேட்டறிவது, பதிவு செய்வது, கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும்படி கொடியிடுவது, அடுத்த மருத்துவமனையோடு பகிர்வது, தேவையை நிறைவேற்றுவது என்று அப்போது அதில் ஐந்து படிகள். கோப்பைத் திறந்ததும் கண்ணில் படும்படி என்ற மூன்றாவது படியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்; பதினைந்தாம் பக்கத்தில் இருக்கும் குறிப்பு யாருக்கும் உதவாது.

அமெரிக்காவில் சட்ட வழி வேறு. 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி மருத்துவமனை பயனுள்ள தகவல்தொடர்பை உறுதி செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் செலவை நோயாளி தலையில் கட்ட முடியாது. கூட வந்த உறவினரை மொழிபெயர்க்கச் சொல்வதற்கும் கடும் கட்டுப்பாடு உண்டு, குழந்தைகளை அவசர நிலைகளில் மட்டும்தான் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்புச் சேவைக்கு டி1013 என்ற பில்லிங் குறியீடு இருக்கிறது, பதினைந்து நிமிடத்துக்கு ஓர் அலகு. சில மாநிலங்களின் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) மட்டும் அதற்குப் பணம் தருகிறது. கனடாவில் 1997-ல் எல்ட்ரிட்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சைகை மொழிபெயர்ப்பு இல்லாமல் கொடுக்கும் சிகிச்சை சமமான சிகிச்சையாகாது என்ற முடிவுக்கு வந்தது.

"எழுதிக் காட்டினோம், தலையாட்டினார்" என்ற பதிவு போதாது. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. ஒப்புதல் படிவத்தின் நடை பலருக்குப் புரிவதில்லை. உதட்டைப் படிப்பதை நம்பவும் முடியாது. 'படி' என்பதும் 'மடி' என்பதும் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். நல்ல பதிவு இப்படி இருக்கும்:

"பிறவியிலேயே இரு காதிலும் சென்சரிநியூரல் கேட்டல் இழப்பு. வாய்ப்பேச்சு இல்லை. முதன்மை மொழி அமெரிக்கச் சைகை மொழி. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் நேரில் இருந்தார், காலை 10.15 முதல் 11.00 வரை. நோயாளி தன் வரலாற்றைத் தானே சொன்னார். ஒப்புதல் அதே வழியில் பெறப்பட்டது. வலக்கைப் பழக்கம் உள்ளவர், ஐவி ஊசி இடக்கையில்."

கடைசி வாக்கியம் அலங்காரத்துக்கு இல்லை. சைகை செய்யும் கையில் ஊசியைக் குத்திக் கட்டிவைத்தால் அவர் வாயை அடைத்தது போலத்தான்.

இந்தியப் பதிவுகளில்

இங்கே பெரும்பாலான நோயாளிகளுக்கு ஓபி சீட்டில் குறியீடே ஏறுவதில்லை, அதனால் எச்90-ஆ எச்91-ஆ என்ற சண்டையும் எழுவதில்லை. மருத்துவப் பதிவுகளில் ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொற்றொகுதியைப் பயன்படுத்த மத்திய அரசின் 2016 மின்பதிவுத் தரநிலை பரிந்துரைக்கிறது. நடைமுறை அந்த அளவுக்கு வரவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் கேட்கும்போது மட்டும் கேட்டல் இழப்பின் வகையும் அளவும் விவரமாக ஆவணமாகின்றன.

சட்டம் ஒரு விஷயத்தைத் தெளிவாகவே பிரித்திருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசைகளில் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவரைக் கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை உள்ளவரைக் கேட்டல் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. பேச்சு, மொழி ஊனம் தனி வகை: குரல்வளை நீக்கம், அஃபேசியா போல உடல் அல்லது நரம்புக் காரணத்தால் நிரந்தரமாக வருவது. பிறவியிலேயே கேளாததால் பேச்சு வராதவர் முதல் வகைக்கு உரியவர். இரண்டாவது பெட்டியையும் சேர்த்து டிக் செய்தால், அமெரிக்கச் சார்ட்டில் ஆர்47.01 போடுவதில் உள்ள அதே குழப்பம் இங்கேயும் வந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான யுடிஐடி அட்டையில் ஊனத்தின் வகையும் சதவீதமும் இருக்கின்றன. அந்த நபர் இந்தியச் சைகை மொழி அறிந்தவரா, எழுதினால் புரியுமா, வீட்டுச் சைகை மட்டும்தானா என்பதற்கு அதில் இடமில்லை. எனவே அட்டையின் நகலைக் கோப்பில் இணைத்ததோடு பதிவு முடிந்ததாக மருத்துவமனை எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கேள்வியைப் பதிவு செய்யும் இடத்திலேயே கேட்டு, கோப்பின் மேலட்டையில் எழுத வேண்டியிருக்கிறது.